தலைப்பை விட்டு வெளிய போனா மார்க் கட்

அமெரிக்காவுல ஒரு பப்ளிக் ஹைஸ்கூல்ல பதினொன்னாம் கிளாஸுக்கு இங்கிலீஷ் எடுக்கறேன், வருஷா வருஷம் "தி கேட்சர் இன் தி ரை" வந்துடும். 1951ல சாலிஞ்சர் எழுதின நாவல். ஹோல்டன் கால்ஃபீல்டுன்னு 16 வயசு பையன், நாலு பாடத்துல ஃபெயில், பென்சில்வேனியாவுல இருக்கற போர்டிங் ஸ்கூல்ல இருந்து துரத்திடறாங்க, வீட்டுக்கு நேரா போகாம நியூயார்க்ல சுத்தறான். கதைன்னு பாத்தா அவ்ளோதான்.

ஒரு காலத்துல இதுக்கு சண்டை வந்தது கெட்ட வார்த்தைக்காக. 1960ல ஓக்லஹோமாவுல துல்சாங்கற ஊர்ல இதை பதினொன்னாம் கிளாஸுக்கு கொடுத்த டீச்சருக்கு வேலை போச்சு, அப்பீல் பண்ணி வேலை திரும்ப கிடைச்சுது, புக்கு மட்டும் உள்ள வரல. இப்ப இருக்கற பசங்க கெட்ட வார்த்தையெல்லாம் கண்டுக்கறதே இல்ல. அவங்க கம்ப்ளெயின்ட் வேற, வசதியான வீட்டு பையன் எதுக்கு இந்த புலம்பு புலம்பறான், சொல்ல வந்ததை சொல்லாம எங்கெங்கயோ போறான், இதுல கதை எப்பதான் ஆரம்பிக்கும். நியாயமான கேள்விதான்னு எனக்கும் தோணும்.

ஆனா இதே பசங்க எழுதற கட்டுரைக்கு நான் மார்க் போடற ரூப்ரிக்ல, அதாவது எதெதுக்கு எவ்ளோ மார்க்குன்னு சொல்ற பட்டியல்ல, "தலைப்பை விட்டு விலகக்கூடாது"ன்னு ஒரு வரி இருக்கு, அந்த வரியை கையில வெச்சுக்கிட்டு இந்த நாவலை படிச்சா ஒரு மாதிரி சங்கடமாத்தான் இருக்கும். ரூம்மேட் ஸ்ட்ராட்லேட்டர் ஹோல்டன்கிட்ட ஒரு அசைன்மென்ட் எழுதி குடுடான்னு கேக்கறான், ஒரு ரூமோ வீடோ எதையாவது வர்ணிச்சு எழுதணும். இவன் என்னடான்னா செத்துப்போன தம்பி ஆலியோட பேஸ்பால் கிளவுஸ் பத்தி எழுதறான், ஃபீல்டிங்ல நிக்கும்போது படிக்கறதுக்காக தம்பி அதுல பச்சை இங்க்ல கவிதை எழுதி வெச்சிருப்பான். லுக்கீமியாவுல தம்பி செத்த அன்னிக்கு ராத்திரி கராஜ் கண்ணாடியெல்லாம் கையாலயே உடைச்சதும் அந்த இடத்துலதான் வருது, அதுவும் போற போக்குல. ஸ்ட்ராட்லேட்டர் கத்தறான், சொன்னதை எழுதலன்னு. ஹோல்டன் வாங்கி கிழிச்சு போட்டுடறான். அவன் ஏன் இப்படி இருக்கான்ங்கறதுக்கு பதில் மொத்தமும் அந்த கிழிச்ச பேப்பர்லதான் இருக்கு, சம்மரி மட்டும் படிச்சுட்டு வர்றவங்க அதை ஒரு வரியில தாண்டி போயிடுவாங்க.

அப்புறம் ஹோல்டனோட அதே ஸ்கூல்ல வின்சன் சாரோட பேச்சு கிளாஸ். ஒருத்தன் பேச எழுந்து விஷயத்தை விட்டு விலகினா மத்த பசங்க எல்லாரும் சேர்ந்து கத்தணும், அதான் ரூல். ரிச்சர்ட் கின்செல்லான்னு ரொம்ப பதட்டப்படற ஒரு பையன், அப்பா வெர்மான்ட்ல வாங்கின பண்ணையை பத்தி ஆரம்பிச்சு மாமா பக்கம் போயிடறான், 42 வயசுல போலியோ வந்து கால்ல மாட்டற கம்பியோட யாரும் தன்னை பாக்கக்கூடாதுன்னு ஆஸ்பத்திரிக்கே யாரையும் வர விடாத மாமா. கூட இருந்த பசங்க கத்திக்கிட்டே இருந்தாங்க, கடைசில கிடைச்சது டி பிளஸ், ரொம்ப கம்மி கிரேடு. ஹோல்டனுக்கு அந்த மாமா கதைதான் பிடிச்சுது. ஹோல்டன் அந்த பாடத்துல ஃபெயிலே ஆயிட்டான்.

இதை ஹோல்டன் சொல்ல கேட்டுட்டு அவனோட பழைய இங்கிலீஷ் வாத்தியார் ஆன்டொலினி ஒண்ணு கேப்பார், மாமா கதை அவ்ளோ முக்கியம்னா முதல்லயே அதை தலைப்பா எடுத்திருக்கலாமேன்னு. என் கிளாஸ்ல பாதி பேர் இவர் கட்சிதான், 30 பேரும் இஷ்டத்துக்கு பேசினா பெல் அடிச்சுடும்னு ஒரு பொண்ணு சொன்னா, வாத்தியாரா எனக்கு அது நல்லாவே புரியுது. ஹோல்டன் சொல்ற பதில், அவ்ளோவா பிடிக்காத ஒண்ணை பத்தி பேச ஆரம்பிச்சாதானே பல நேரம் எது ரொம்ப பிடிக்கும்னே தெரிய வரும். என் கட்சி இதான், ரூப்ரிக்ல அந்த வரி இருந்தும்.

ரூப்ரிக்கை நான் மாத்த முடியாது, டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் ஒரே ரூப்ரிக்தான், பரீட்சையில விலகி எழுதினா நஷ்டம் அவங்களுக்குத்தான். அதனால முதல் டிராஃப்டுக்கு மட்டும் மார்க் கிடையாதுன்னு வெச்சிருக்கேன். அதுல எங்கயாவது ஒருத்தர் தடம் மாறி தாத்தா கடைக்கோ பழைய வீட்டுக்கோ போயிருந்தா அந்த இடத்துல கோடு போட்டு "இதையே எழுதேன்"னு எழுதி குடுப்பேன். சில பேர் எழுதுவாங்க. நிறைய பேர் அந்த பாராவை டெலீட் பண்ணிட்டு ஒழுங்கா அஞ்சு பாரா எழுதி ஏ வாங்கிட்டு போயிடுவாங்க.