பல் பிடித்துப் பார்ப்பது

பட்டிப் பொங்கலன்று காலை 6.30 மணிக்கு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணக் குளிரில் கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தார். ஊரில் மாலை 5 மணி. மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணமும் அடித்து முடித்திருந்தார்கள். எனக்கு அன்று என்ன வேலை என்று கேட்டவரிடம், ஒரு நாய்க்குப் பல் சுத்தம் செய்ய வேண்டும் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ஏஞ்சாமி, நாயிக்குப் பல்லு வெளக்கறதுக்கா அத்தன தூரம் போன?" என்றார்.

சிரித்து வைத்தேன், ஆனாலும் சுருக்கென்றது. இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு, அதன்மேல் 3 மணி நேரத்தில் 170 வினாக்களுக்கு விடையளிக்கும் தேர்வு என்று தாண்டிய பிறகே இங்கு ஒருவர் என்னைப்போல் பதிவு பெற்ற வெட்டரினரி டெக்னீஷியன், அதாவது கால்நடை மருத்துவருக்குத் துணைநிற்கும் தொழில்நுட்பர், ஆகிறார். இரத்தம் எடுப்பது, எக்ஸ்ரே பிடிப்பது, மலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் புழு முட்டை தேடுவது எல்லாம் எங்கள் கை. நோய் இன்னதென்று சொல்லவும், மருந்து எழுதவும், அறுவை செய்யவும் மட்டும் எங்களுக்கு உரிமை இல்லை.

பல் சுத்தம் என்பதும் அம்மா நினைப்பதுபோல் வேப்பங்குச்சியோடு முடிகிற காரியமன்று. நாயை மயக்கத்தில் ஆழ்த்தி, மூச்சுக்குழலுக்குள் குழாய் செருகி, இதயத் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றை 5 நிமிடத்துக்கு ஒருமுறை குறித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாய்க்குப் பற்கள் 42, பூனைக்கு 30. ஒவ்வொன்றுக்கும் மூன்றிலக்க எண் உண்டு. மேல்தாடையின் வலப்புறம் 100 வரிசை, இடப்புறம் 200, கீழ்த்தாடையின் இடப்புறம் 300, வலப்புறம் 400; கோரைப்பல் எந்த வரிசையில் இருந்தாலும் அதன் எண் 04 என்றே முடியும். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அளவுக்கம்பியை மெல்ல இறக்கி, 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் போனால் அந்த எண்ணுக்கு நேரே எழுதி வைக்க வேண்டும். பல்லைப் பிடுங்குவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இந்த எண்களை மனப்பாடம் செய்த நாட்களில்தான் நான் வகுப்பில் வேடிக்கைப் பொருளானேன். முதல் செய்முறை வகுப்பில் நாயின் வாயைப் பார்க்கச் சொன்னார்கள். மற்றவர்கள் உதட்டைப் பக்கவாட்டில் தூக்கிக் கடைவாய்ப் பற்களைப் பார்க்க, என் கட்டைவிரல் மட்டும் தானாகக் கீழுதட்டின் முன்பக்கத்தை இழுத்தது. என்ன தேடுகிறாய் என்று ஆசிரியை கேட்டார். நான் என்ன சொல்வது? கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் அப்பா அப்படித்தான் பார்ப்பார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே இருக்கும் எட்டில் பால்பல் விழுந்து எத்தனை பல் போட்டிருக்கிறது என்பதை வைத்து, இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், எட்டும் போட்டுவிட்டால் கடை சேர்ந்தது என்று வயதைச் சொல்லிவிட்டு, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசப் போய்விடுவார். ஏழு மாதத்துக்குள் எல்லாப் பல்லும் போட்டுவிடுகிற நாயிடம் அந்த வித்தை பலிக்காது என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

இப்போது அந்தப் பழக்கம் போய்விட்டது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்று மேசையில் கிடந்த கிழட்டு லாப்ரடாருக்கு, டென்னிஸ் பந்தைக் கடித்துக் கடித்துக் கீழ் முன்பற்கள் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. 301, 401 என்று எழுத வேண்டிய நான், தேய்ந்த அந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நின்றேன். உடனிருந்தவர் மானிட்டரைக் காட்டிக் கனைத்தபின்தான் கை நகர்ந்தது.

மாலையில் வீடு திரும்பியதும் அம்மாவை அழைத்தேன். அங்கே விடிகாலை, பால் கறக்கும் நேரம். மயக்க மருந்து, குழாய், 42 பல் என்று என் தரப்பை முழுதும் எடுத்துரைத்தேன். குறுக்கிடாமல் கேட்டவர், "நாயி எந்திரிச்சிருச்சா?" என்று மட்டும் கேட்டார். எழுந்து வாலாட்டிக்கொண்டு போனது என்றேன். பிறகு செவலைக் கிடாரி எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"இன்னும் என்ன கிடாரி? ரண்டு கன்னு போட்டாச்சு. கட சேந்துருச்சு சாமி."

நான் விமானம் ஏறிய அன்று அதற்கு ஒரு பல்கூடப் போட்டிருக்கவில்லை.