சூத்திரம் எதைக் கணக்கிடுகிறது?

சூத்திரத்தைப் பார்த்ததும் எண்களைப் போடக் கை பரபரக்கும். அதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்: சமன்குறிக்கு இடப்பக்கம் இருப்பது எந்த அளவு? ‘எஸ் என்றால் தூரம்’ என்பது போதாது. எங்கிருந்து, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, திசையோடா திசையில்லாமலா என்பதெல்லாம் அந்த வரியில் வர வேண்டும்.

ஒரு பந்தை 20 மீ/வி வேகத்தில் செங்குத்தாக மேலே எறிகிறோம். ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று கொள்வோம். 3 விநாடிக்கு ‘யூடி பிளஸ் ஹாஃப் ஏடி ஸ்கொயர்’ (தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²; முடுக்கம் கீழ்நோக்கி என்பதால் எதிர்க்குறி) போட்டால் 60 − 45 = 15 மீட்டர். ஆனால் பந்து 2 விநாடியில் 20 மீட்டர் ஏறி, அடுத்த விநாடியில் 5 மீட்டர் இறங்கியிருக்கிறது. கடந்த தூரம் 25 மீட்டர். சூத்திரம் தந்த 15 இடப்பெயர்ச்சி. பந்து இப்போது இருக்கும் உயரம், அவ்வளவுதான்.

இதைவிட அதிகம் குழப்புவது ‘குறிப்பிட்ட ஒரு விநாடியில் மட்டும்’ நிகழும் இடப்பெயர்ச்சிக்கான சூத்திரம்: தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × (விநாடியின் வரிசை எண் − ½). அலகைப் பாருங்கள். முதல் உறுப்பு மீ/வி. விடையை மட்டும் மீட்டரில் எழுதுகிறோம். பரிமாணச் சோதனையில் (இருபுறமும் அலகு பொருந்துகிறதா என்று பார்ப்பதில்) சூத்திரமே தவறு என்று தோன்றும். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஓய்விலிருந்து 10 மீ/வி² முடுக்கத்தில் கிளம்பும் பொருளுக்கு 3-ஆவது விநாடியைப் போட்டால் 10 × 2½ = 25. நேர்வழியில் சரிபார்க்கலாம்: 3 விநாடியில் 45 மீட்டர், 2 விநாடியில் 20 மீட்டர், வித்தியாசம் 25. விடை சரி. சூத்திரம் உண்மையில் தருவது அந்த விநாடியின் சராசரித் திசைவேகம். அதை ‘1 விநாடி’யால் பெருக்கியதை யாரும் எழுதுவதில்லை. அரை விநாடி இடைவெளிக்கு இதை அப்படியே போட்டால் விடை தவறிப்போவது இதனால்தான்.

அலகு பொருந்திவிட்டால் மட்டும் நம்பிவிடவும் கூடாது. திருப்புவிசைக்கும் ஆற்றலுக்கும் அலகு நியூட்டன் மீட்டர்தான், இரண்டும் வேறு.

மின்சாரத்தில் திறனுக்கான ‘வி ஸ்கொயர் பை ஆர்’ (மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை) இன்னொரு கண்ணி. 12 வோல்ட் டிசி மோட்டார், சுருளின் மின்தடை 2 ஓம், ஓடும்போது 1 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் திறன் 12 வாட். சுருளில் வெப்பமாவது 1² × 2 = 2 வாட். ஆனால் ‘வி ஸ்கொயர் பை ஆர்’ 72 வாட் என்கிறது! மின்தடையின் குறுக்கே முழு 12 வோல்ட்டும் இருந்தால்தான் அது செல்லும். ஓடும் மோட்டாரில் 10 வோல்ட் பின் மின்னியக்கு விசைக்கு (சுழலும் சுருளில் எதிர்த்திசையில் எழும் மின்னழுத்தத்துக்கு) போய்விடுகிறது, மின்தடைக்கு மிஞ்சுவது 2 வோல்ட். அந்த 72 வாட், தண்டு இறுகி மோட்டார் நின்றுவிட்டால் சுருளில் எழும் வெப்பம். சிக்கிய மோட்டாரில் சுருள் கருகுவது அதனால்தான்.