தெருவே பத்தியம் இருந்து செவலையின் வயிற்றைச் சரி செய்த கதை

ஒரு வயதுகூட ஆகாத நாய்க்கு மாதக்கணக்கில் கழிச்சல் நிற்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் சொல்வது பூச்சி, அடுத்தது "சேராத எதையாவது தின்னிருக்கும்". எங்கள் செவலைக்கு இரண்டுமே உண்மையாகத்தான் இருந்தன. ஆனால் எது சேரவில்லை என்று கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது, அதை மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில், கூட்டுக் குடும்பத்தில், போகிற வருகிறவர்கள் எல்லாம் நாய்க்கு எதையாவது போடும் தெருவில் செய்து முடிக்க மருந்து மாத்திரையைவிட மனிதர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

செவலை சிப்பிப்பாறைக் கலப்பு, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சித்தப்பா குட்டியாகக் கொண்டுவந்தது. இந்த இன நாய்கள் இயல்பிலேயே ஒல்லி, வயிறு ஒட்டித்தான் இருக்கும், அதனால் எடை குறைவதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "வேட்டை நாய்னா அப்படித்தான்" என்பார்கள். விலா எலும்பு லேசாகத் தெரிவது சரி. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, முதுகுத்தண்டு முடிச்சு முடிச்சாகத் தெரிந்தால் அது இன லட்சணம் இல்லை. உள்ளூர் கிளினிக் ஒன்றில் போகும்போதெல்லாம் மெட்ரோனிடசோல் என்ற கழிச்சல் மாத்திரை கொடுத்தார்கள், மாத்திரை இருக்கும்வரை கெட்டியாகப் போகும், நிறுத்தியதும் பழையபடி ஆரம்பித்துவிடும். மல சோதனை என்ற பேச்சே அங்கே வரவில்லை.

அப்புறம்தான் ஒரத்தநாடு போனோம். 2012-ல் அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி வந்ததால் எங்களைப் போன்ற டெல்டாக்காரர்கள் நாய்க்காக நாமக்கல், சென்னை என்று அலைய வேண்டியதில்லை. அங்கே பார்த்த டாக்டர் அம்மா நாயைத் தொடும் முன்பே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை? ஒவ்வொரு தடவையும் நிறையப் போகிறதா, கொஞ்சமா? சளி உண்டா? ரத்தம் சிவப்பாகவா, தார் மாதிரிக் கருப்பாகவா? உட்கார்ந்து முக்குகிறதா? நிறையப் போய் எடையும் இறங்கினால் சிறுகுடல் பக்கம் கோளாறு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி முக்கிச் சளியோடு போனால் பெருங்குடல் பக்கம் என்று விளக்கினார். செவலைக்கு இரண்டும் கலந்து இருந்தது. 3 வாரத்துக்கு மேல் நீடித்தாலே அது நாள்பட்டது, இனி கழிச்சலை நிறுத்துவதைப் பற்றி யோசிக்காமல் காரணத்தைத் தேட வேண்டும் என்றார். நீங்கள் போவதாக இருந்தால் இந்தக் கேள்விகளுக்குப் பதிலோடு போங்கள். நான் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன், போனில் படமும் இருந்தது. டாக்டருக்கு அது அருவருப்பு இல்லை, நாம் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மல சோதனைக்குப் புதிதாக எடுத்த மலம் வேண்டும், அதுவும் வெவ்வேறு நாட்களில் எடுத்தது, ஏனென்றால் ஜியார்டியா மாதிரி கிருமிகள் தினமும் மலத்தில் வெளியேறாது, ஒரு நாள் இல்லை என்று வந்தால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. செவலைக்குக் கொக்கிப்புழு முட்டையும் ஜியார்டியாவும் இரண்டுமே இருந்தன. எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்தால் ஜனவரி 28 வரை எங்கள் பக்கம் மண் காய்வதே அபூர்வம், நாய் குடிப்பது வாய்க்கால் தண்ணீர், படுப்பது வரப்பு. கொக்கிப்புழுவின் இளம்புழு இப்படிப்பட்ட ஈர மண்ணில்தான் பிழைத்துக் கிடக்கும், வாய் வழியாக மட்டுமில்லாமல் தோல் வழியாகவும் நாய்க்குள் ஏறும், வெறுங்காலோடு நடக்கிற மனிதர்கள் காலிலும் அரிப்பைக் கொண்டுவரும். ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்தைக் கிலோ எடைக்கு 50 மில்லிகிராம் என்ற கணக்கில் தொடர்ந்து சில நாள் கொடுத்து, இடைவெளி விட்டுத் திரும்பவும் கொடுக்கச் சொன்னார். உங்கள் நாய்க்கு எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கொல்லையில் மலத்தை உடனுக்குடன் அள்ளிப் புதைப்பதும், ஆறவைத்த வெந்நீரைக் குடிக்க வைப்பதும் என் வேலை ஆனது.

அடுத்த சோதனையில் புழுவும் இல்லை, ஜியார்டியாவும் இல்லை. கழிச்சல் மட்டும் இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் டாக்டர் முதலில் தேடியது அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவை. அது குறைந்திருந்தால் குடல் வழியாகப் புரதம் கசியலாம், அப்படியானால் நேரம் கடத்தக் கூடாது, ஸ்கேன், பயாப்சி (குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) என்று போக வேண்டியிருக்கும். செவலைக்கு அது சரியாக இருந்தது, பி12 மட்டும் குறைவு, அதற்கு ஊசி போட்டார்கள். கணையக் கோளாறுக்கான சோதனையும் பிரச்சினை இல்லை என்று வந்தது. இளம் நாய்களில் இந்த மாதிரிக் கழிச்சலுக்குப் பெரும்பாலும் சாப்பாட்டை மாற்றினாலே பலன் கிடைக்கும், அதனால் பத்தியம் வைத்துப் பார்ப்போம் என்றார். உணவு ஒவ்வாமைக்கு ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் டெஸ்ட் இருக்கிறதாமே என்று கேட்டேன், அதை நம்ப முடியாது, பணம் வீண் என்று சொல்லிவிட்டார்.

பத்தியம் என்றால் இதுவரை அந்த நாய் தின்னாத ஒரே ஒரு இறைச்சி, கூடவே ஒரே ஒரு மாவுப்பொருள், வேறு எதுவும் வாயில் படக் கூடாது. செவலை தின்னாதது என்ன என்று பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் சிக்கலே புரிந்தது. கோழி, முட்டை, பால், தயிர்ச்சோறு, குளத்து மீன், தீபாவளி ஆட்டுக்கறி, ஏன், குறுவை அறுப்பில் வயல் எலிகூட ஆகிவிட்டது. மிஞ்சியது பன்றி இறைச்சி. எங்கள் அடுப்பில் அது ஏறாது என்று அப்பாயி சொல்லிவிட்டார், சரி என்று கொல்லையில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். கொழுப்பில்லாத துண்டாகப் பார்த்து வாங்கி, நன்றாக வேகவைத்து, மேலே மிதக்கிற கொழுப்பை எடுத்துவிட்டு, உருளைக்கிழங்கோடு பிசைந்து கொடுத்தேன். உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் கிடையாது. வசதி உள்ளவர்களுக்குப் புரதத்தைச் சிறு துகளாக உடைத்துத் தயாரித்த டாக்டர் சீட்டு உணவு பாக்கெட்டில் வருகிறது, விலை அதிகம், ஆனால் தலைவலி குறைவு.

சமையல் அத்தோடு முடிந்தது. தெரு முடியவில்லை. டீக்கடை அண்ணன் தினமும் பொறை போடுவார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பிஸ்கட். பிராய்லர் கடையில் கழிவு, மண்டபத்தில் முகூர்த்தம் என்றால் எச்சில் இலை, அப்பாயியின் பால்சோறு. வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் கொடுத்தால் என்ன என்று கேட்பவரிடம் ஒவ்வாமை, புரதம் என்று பேசி என்ன பயன்? "பத்தியத்தில் இருக்கிறான்" என்று சொன்னேன், அந்த ஒரு சொல் வேலை செய்தது. பிள்ளை பெற்ற வீட்டிலும் மஞ்சள் காமாலைக்கு மூலிகை சாப்பிட்ட வீட்டிலும் பத்தியம் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும், அதை முறிக்கிற பாவத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். டீக்கடை அண்ணனே மற்றவர்களை அதட்ட ஆரம்பித்துவிட்டார். எச்சில் இலைக்கு மட்டும் சொல் போதாது, அதற்காகத் தஞ்சாவூரில் கூடை மாதிரியான வாய்மூடி வாங்கினேன். இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம், அதைப் போட்டால் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியாது, எங்கள் வெயிலுக்கு அது ஆபத்து.

வயிற்றுக் கோளாறுக்குப் பத்தியத்தின் பலன் பொதுவாக 2 வாரத்திற்குள் தெரியும் என்றார் டாக்டர். தெரிந்தது. மலம் கெட்டியானது, ராத்திரி கதவைச் சுரண்டுவது நின்றது, எடை ஏறியது.

அதோடு விடவில்லை. கோழியைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள் என்றார். நன்றாக இருக்கிற நாயை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று வீட்டில் ஒரே சண்டை. ஆனால் அப்படிக் கொடுத்துப் பார்க்காவிட்டால் சரியானது சாப்பாட்டாலா தற்செயலா என்று தெரியாது, வாழ்நாள் முழுக்கத் தேவையில்லாமல் எல்லாவற்றையும் விலக்க வேண்டியிருக்கும். கோழி கொடுத்த சில நாளிலேயே சளியோடு கழிச்சல். நிறுத்தியதும் சரியானது. இப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்ததில் முட்டை ஒன்றும் செய்யவில்லை, அரிசிச் சோறும் சேர்கிறது, பால் சேரவில்லை.

கோழியை விலக்குவது லேசு என்று நினைக்க வேண்டாம். ஆட்டுக்கறி என்று பெரிதாக அச்சடித்த நாய்த்தீனிப் பையின் பின்பக்கம் பொடி எழுத்தில் கோழித்தூள் இருக்கும். சில பூச்சி மாத்திரைகள், கடிக்கிற வைட்டமின்கள்கூட இறைச்சிச் சுவை சேர்த்தவை, வாங்கும்போது கேட்டுப் பாருங்கள். வீட்டுச் சாப்பாட்டையே தொடர்ந்தால் கால்சியம் பற்றாது, வளர்கிற நாய்க்கு எலும்பு பாதிக்கும், அதனால் அளவு கேட்டு அதையும் சேர்க்கிறேன்.

பன்றி இறைச்சி எல்லா வாரமும் கிடைப்பதில்லை. அதனால் அந்த டாக்டர் சீட்டு உணவில் சின்ன பை ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் பழைய சாப்பாட்டோடு ஒரு வாரம் போலக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும், ஒரேயடியாக மாற்றினால் அதற்கே கழிச்சல் வரும். ஆவணி முகூர்த்தங்கள் முடியும்வரை வாய்மூடியும் கழற்றுவதாக இல்லை.