கோழிக்கணக்கு: 20 மாத அனுபவம்

கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுவது என் வேலை. அதனால் கோழி வாங்கிய அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் 'பெட்டை 4, சேவல் 1' என்று இருக்கிறது. மண்டிக் கணக்கு வருஷக் கடைசியில் எப்படியும் நேராகிவிடும். இந்த நோட்டு இன்றுவரை நேராகவில்லை.

இடம் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் ரோட்டுப் பக்கம். அப்பா விட்டுப்போன 60 சென்ட் கரிசல், ஒரு கிணறு, நாலு வேப்பமரம். காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை பைக்கில் போய்வருவேன். பகல் முழுக்கக் கோழிகளைப் பார்த்துக்கொள்வது பக்கத்துக் காட்டு ஆச்சிதான். கூலி என்று எதுவும் வாங்கமாட்டார். முட்டை மட்டும் எடுத்துக்கொள்வார், அதையும் என்னிடம் சொல்லமாட்டார். நோட்டு நேராகாததற்கு அது ஒரு காரணம்.

நாட்டுக்கோழியில் எனக்குப் பெருவிடை ரகத்தின் மேல்தான் ஆசை இருந்தது. அந்தக் கால் உயரமும் நடையும் யாருக்குத்தான் பிடிக்காது? "ஏய்யா, அழகு பாக்கவா வளக்கப் போற? சிறுவிடைய வாங்கு. அதுதான் அடங்கி அடை உக்காரும்" என்றார் ஆச்சி. வாங்கினேன். நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும், அப்புறம் முட்டையை நிறுத்திவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். என் கறுப்பி இரண்டாம் மாதமே உடம்பை உப்பிக்கொண்டு, கிட்டப் போனால் கொத்த வந்தது. எனக்கோ ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயலில் வாத்து மேய்ப்பவர் ஒருவரிடம் ஐந்து வாத்து முட்டை வாங்கி வந்து, ஏழு கோழி முட்டையோடு சேர்த்து ஒரே நாளில் அடை வைத்தேன். கூடையில் மணல், மணலுக்கு மேல் வைக்கோல். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும் என்று ஆச்சி ஓர் இரும்புத் துண்டையும் நாலு காய்ந்த மிளகாயையும் வைக்கோலில் செருகினார். சிரித்தேன், ஆனாலும் எடுத்துப் போடவில்லை.

ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். உயிருள்ள முட்டைக்குள் சிலந்தி கால் பரப்பியது போலச் சிவப்பு நரம்பு தெரியும். கூமுட்டை வெளிச்சத்தில் வெறும் பளிச்சென்று இருக்கும். கோழி முட்டையில் ஒன்று கூமுட்டை. வாத்து முட்டை ஐந்திலும் நரம்பு இருந்தது. 'வாத்து 5/5' என்று நோட்டில் பெரிதாக எழுதினேன்.

21-ஆம் நாள் ஆறு குஞ்சும் வெளியே வந்தன. மறுநாள் காலை கறுப்பி எழுந்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்கு நடந்தது. வாத்து முட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பதறிப்போய் அதைப் பிடித்துக் கூடைக்குள் போட்டேன். குதித்து ஓடியது. மறுபடி போட்டேன். ஆச்சி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்: "ஏய்யா, கோழிக்கு இருபத்தோரு நாளு. வாத்துக்கு அது பத்துமா?"

பத்தாது. வாத்துக்கு 28 நாள். வாத்து முட்டையை முதலில் வைத்து, ஒரு வாரம் கழித்துத்தான் கோழி முட்டையை வைத்திருக்க வேண்டும். தெர்மாகோல் பெட்டியில் 60 வாட் பல்பு போட்டுக் காப்பாற்றப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. புதைப்பதற்கு முன் ஒரு முட்டையை உடைத்தேன், உடைத்திருக்கக் கூடாது. உள்ளே மஞ்சள் பூமயிரோடு முழுக் குஞ்சு.

முட்டையைச் சேர்த்து வைப்பதிலும் ஒரு பாடம். சித்திரையில் சமையலறை மேடையில் பத்து நாள் வைத்திருந்த முட்டைகளை அடை வைத்தேன். பதினொன்றில் மூன்றுதான் பொரித்தது. நம் ஊர் வெயிலில் கோழி உட்காராமலே கரு பாதி வளர ஆரம்பித்து, அப்புறம் செத்துவிடுகிறது. இப்போது ஈர மணல் கொட்டிய பானை மேல் சட்டி வைத்து, அதில் தவிடு பரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்குகிறேன். ஏழு நாளைக்கு மேல் போன முட்டை ஆம்லேட்டுக்குப் போய்விடும்.

குஞ்சுத் தீனிக்குப் பெரிய செலவில்லை. நொய், கம்பு, இவற்றோடு கரையான். பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, சோளத்தட்டை எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, சாயந்தரம் கரையான் இருக்கும் இடமாகப் பார்த்துக் கவிழ்த்துவிட வேண்டும். காலையில் தூக்கினால் பானை முழுக்கக் கரையான். குஞ்சுகள் பாய்வதைப் பார்த்துக்கொண்டே நின்று இரண்டு நாள் மண்டிக்குத் தாமதமாகப் போயிருக்கிறேன். பருந்துக்கு, தூத்துக்குடியில் கழித்துப் போட்ட மீன்வலையை வாங்கி வந்து மேலே கட்டினேன். கீரிக்கு இன்னும் வழி தெரியவில்லை.

பத்தாவது மாதம் நோட்டில் 23 உருப்படி. அந்த வாரம்தான் ஒரு சந்தையில் செவலைச் சேவல் ஒன்றைப் பார்த்தேன். கொண்டை, வால், கூவல் எல்லாம் கச்சிதம். ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்து நேரே மற்றதோடு விட்டேன். சனிக்கிழமை ஒரு பெட்டை வேப்பமரத்தடியில் இறகைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழுந்தது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருந்தது. திங்கள்கிழமை மூன்று கோழிகள் அப்படி. ஒன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது. தீனியைக் கொத்தப் போகும், கொத்து வேறெங்கோ விழும்.

வெள்ளைக்கழிச்சல். வந்தபிறகு மருந்து கிடையாது. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருண்டை பிடித்து ஊட்டினேன். பிழைத்தவை அதனால் பிழைத்தனவா, தானாகப் பிழைத்தனவா என்று எனக்குத் தெரியாது. எட்டு நாளில் 17 செத்தன. தினமும் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினேன். அந்தப் பக்கத்தில் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். கறுப்பியும் போய்விட்டது. செவலைச் சேவலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது தினமும் நாலு மணிக்குக் கூவிக்கொண்டே இருந்தது.

தடுப்பூசி பற்றித் தெரியாமல் இல்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா, எட்டாவது வாரம் இறக்கையடியில் ஆர்2பி ஊசி. ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் போடலாம், கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஐஸிலேயே வைத்திருக்க வேண்டும். ஆறு குஞ்சுக்கு இவ்வளவு பாடா என்று விட்டுவிட்டேன், அவ்வளவுதான். இப்போது சுற்றியுள்ள நாலு வீட்டோடு நாள் பேசிவைத்து ஒரே குப்பியில் எல்லாருக்கும் போடுகிறோம். கால்நடைத் துறையும் வருஷத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் பிப்ரவரியில், இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடுகிறது. அப்புறம், புதுக்கோழி எதுவானாலும் மூன்று வாரம் கிணற்றுக்கு அந்தப் பக்கம் தனிப் பஞ்சாரத்தில்தான். அதற்குத் தீனி வைத்துவிட்டுக் கை கால் கழுவாமல் இந்தப் பக்கம் வந்தால் ஆச்சி சத்தம் போடுவார்.

கொட்டகையைச் சுண்ணாம்படித்து ஒரு மாதத்துக்கு மேல் சும்மா போட்டிருந்தேன். தப்பிய ஆறும் செவலையும் வேப்பமரத்தில்தான் ராத்தங்கின. காடு வெறிச்சென்று இருந்தது. அந்த வெறிச்சோடுதான் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போய் இரண்டு கன்னி ஆடு பிடித்துவந்தேன். உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. பால்கன்னி என்பார்கள், கோடு சிவந்திருந்தால் செங்கன்னி. ஒன்று சினை. தழை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று தினமும் சூபாபுல் மரத் தழையையே வெட்டிப் போட்டேன். ஒரு மாதத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைக் கொடுக்கக் கூடாதாம், டாக்டர் திட்டினார். இப்போது அகத்தியும் வேலிமசாலும் கலந்துதான்.

ஐப்பசி மழையில் கரிசல் களியாகிக் குளம்போடு ஒட்டிக்கொள்ளும், இரண்டும் நொண்டின. மரச்சட்டம் அடித்துப் பரண் போட்டேன், 9,400 ரூபாய். மழைக்குப் பின் முளைக்கும் தளிர்ப்புல்லை மூச்சுமுட்டத் தின்றால் துள்ளுமாரி வரும் என்று புரட்டாசியிலேயே ஊசி போட்டாச்சு. கார்த்திகையில் இரண்டு குட்டி. ஒன்று கிடா, ஒன்று பெட்டை.

இந்த வாரக் கணக்கு: பெட்டை 9, சேவல் 1 (அதே செவலை), குஞ்சு 14, ஆடு 2, குட்டி 2. வெளியே போன காசு உள்ளே வந்ததைவிட 31,000 அதிகம். வீட்டில் கேட்டால் பரணை மூலதனத்தில் எழுதியிருக்கிறேன் என்று சொல்வேன்.

புள்ளிப் பெட்டை நேற்று அடைக்கு உட்கார்ந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கு மறுபடி போய் வந்தேன். வெள்ளிக்கிழமை: வாத்து முட்டை 5. அதற்கு நேரே அடுத்த வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: கோழி முட்டை 6, இரும்பு, மிளகாய்.