மஞ்சள் கடுதாசி கொடுத்தால் வீடு மிஞ்சாது

“ஐபி போட்டுரும் வே, ஒரு பய வாசல்ல வந்து நிக்க மாட்டான்.” கடன் கழுத்தை நெரித்த நாட்களில் எனக்கு யோசனை சொன்ன பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்னது இதைத்தான். மஞ்சள் கடுதாசி, அதாவது கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் போடும் நொடிப்பு மனு (ஐபி), கொடுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நானும் நம்பினேன். அந்த நம்பிக்கையில் சும்மா இருந்த நாட்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இப்போது வீட்டுப் பத்திரம் கைக்கு வந்துவிட்டது. நான் இடறிய இடங்களில் இன்னொருவர் இடறக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு திருநெல்வேலி சிந்துபூந்துறையில் நோட்டு, பேப்பர் மொத்த வியாபாரம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணி கடைக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்தபின் ஷட்டரைத் தூக்கினால், நோட்டுக் கட்டுகள் ஊறி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சுவராக நின்றன. கடப்பாரை போட்டுத்தான் பெயர்த்தோம். கல்லாவுக்குக் கீழே இருந்த லோன் ஃபைலும் அதோடு கூழாகிவிட்டது.

மகாராஜநகர் வீட்டின்மேல் வங்கியில் 18 லட்சம் கடன், மாதம் 19,000 தவணை. ஜனவரி 5-ஆம் தேதித் தவணையைக் கட்ட முடியவில்லை. பிப்ரவரியில் ஒரு 20,000, மார்ச்சில் ஒரு 20,000 கவுண்டரில் ரொக்கமாகக் கட்டினேன். ஏப்ரலில் 90 நாள் தாண்டிவிட்டது என்று சொல்லி, கணக்கை என்பிஏ, அதாவது வாராக் கடன், ஆக்கிவிட்டார்கள். ஜூனில், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ் வந்தது, கடனைக் கட்டச் சொல்லி. அதற்கு 60 நாள் கெடு.

அந்த 60 நாளில் ஐந்து வாரத்தை ஒரு வக்கீலிடம் தொலைத்தேன். அவர் 15,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு வழக்குப் போட்டார். நம்பர்கூட ஆகாமல் பேப்பர் திரும்பி வந்தது. இந்த விவகாரத்தில் உரிமையியல் நீதிமன்றம் தலையிட முடியாது என்று அந்தச் சட்டத்தின் 34-ஆவது பிரிவே சொல்கிறது. போக வேண்டிய இடம் மதுரையில் இருக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயம், டிஆர்டி. நீங்கள் பார்க்கும் வக்கீலிடம் முதலில் “டிஆர்டியில் கேஸ் நடத்தியிருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கத்தின் விலை ஐந்து வாரம்.

அப்புறம் சித்தப்பா மகன் மூலமாகப் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். உட்கார்ந்ததும் மஞ்சள் கடுதாசி பற்றித்தான் கேட்டேன். “அண்ணாச்சி, அது கைமாத்து குடுத்தவங்கள வேணா நிறுத்தும். உங்க பத்திரத்தையே வச்சிருக்கவங்கள நிறுத்தாது” என்றார். நம் ஊரில் தனி ஆள் ஐபி போடுவது இன்னமும் 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டத்தின்படிதான். 2016-இல் வந்த திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்தின் 28-ஆவது பிரிவு, அடமானம் வாங்கியவர் அந்தச் சொத்தை விற்று எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தொடுவதே இல்லை. ஆக, ஊரெல்லாம் பெயர் கெட்டு, வீடும் போயிருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். சேரன்மகாதேவியில் அப்பா வழி வயல் கொஞ்சம் என் பெயரில் இருந்தது. அதை உடனே அக்கா பெயருக்கு எழுதிவிடச் சொல்லி என் மைத்துனர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் பின்னால் நொடிப்பு என்று போனால், அதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் பணம் வாங்காமல் எழுதிக் கொடுத்ததைக் கோர்ட் ரத்து செய்யலாம். “வயலத் தொடாதீங்க, அது பின்னால உதவும்” என்றார். அப்படியே உதவியது.

மிச்சமிருந்த நாட்களில் 13(3ஏ) பிரிவின்படி ஆட்சேபக் கடிதம் அனுப்பினோம். இதற்கு வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பதில் வந்தது, இரண்டே வரியில்: தங்கள் விளக்கம் ஏற்கத்தக்கதல்ல. செப்டம்பரில் கேட்டில், வீட்டை வங்கி எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன நோட்டீஸை ஒட்டினார்கள், இரண்டு பேப்பரிலும் போட்டார்கள். நான் கடையிலிருந்து வந்து பார்த்தபோது, அம்மா தன் ஈரச் சேலை ஒன்றை கேட்டின்மேல் விரித்துப் போட்டிருந்தாள், தெருவில் போகிறவர்கள் படிக்கக்கூடாது என்று.

அந்த நோட்டீஸிலிருந்து 45 நாளுக்குள் டிஆர்டியில் மனு போட வேண்டும். இங்கேதான் பேப்பர் இல்லாமல் திண்டாடினேன். கிளையில் போய்க் கடன் கணக்கு விவரம் கேட்டால், முதல் நாள் சிஸ்டம் ஸ்லோ. இரண்டாம் நாள், அந்த சார் லீவு. மூன்றாம் நாள் “கேஸுல இருக்கற கணக்கு, குடுக்க முடியாது” என்றார் கவுண்டரில் இருந்தவர், தலையை நிமிர்த்தாமல். வக்கீலம்மா திட்டினார்: “வாயால எதுக்குக் கேக்கீங்க?” எழுத்தில் ஒரு கடிதம், நகலில் சீல் போடாவிட்டால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். ஆறாம் நாள் ஸ்டேட்மெண்ட் வந்தது. இனி வங்கியிடம் எதைக் கேட்டாலும் தாளில் கேளுங்கள்.

அவர் அந்த ஸ்டேட்மெண்டின்மேல் ஒரு மர ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தார். மார்ச் மாதத்தில் ஸ்கேல் நின்றது. நான் கட்டிய இரண்டு 20,000-மும் கடன் கணக்கில் ஏறவே இல்லை. அது வேறு ஏதோ தலைப்பில் தனியாகக் கிடந்திருக்கிறது. ஏறியிருந்தால் ஜனவரி, பிப்ரவரி தவணை அடைந்திருக்கும். ஏப்ரலில் 90 நாள் ஆகியே இருக்காது. கவுண்டர் ரசீது இருக்கிறதா என்றார். என் மனைவி சமையலறையில் கரண்ட் பில், கேஸ் பில் குத்தி வைக்கும் கம்பியில் இரண்டையும் குத்தி வைத்திருந்தாள். நடுவில் ஓட்டை விழுந்த அந்த இரண்டு துண்டுச் சீட்டுகள்தான் எங்கள் கேஸ்.

மதுரைக்கு முதல் தடவை போனது வீண். கடன் எங்கள் இருவர் பெயரிலும் இருந்தது. வக்காலத்தில் நான் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தேன். மூன்று மணி நேர ரயில் பயணம், திரும்பவும் மூன்று மணி நேரம். கூட்டுக் கடனாளி இருந்தால் அவர் கையெழுத்தையும் ஆதார் நகலையும் முதலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். 41-ஆவது நாள் மனு தாக்கலானது. இரண்டு தவணையாக மூன்று லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு இடைக்காலத் தடை கிடைத்தது.

மூன்று லட்சத்துக்கு ஒருவர் பத்து வட்டிக்கு உடனே தருவதாக வீடு தேடி வந்தார். 2017 அக்டோபரில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசலில், கந்துவட்டி தாங்காமல் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு தீக்குளித்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. நான் மறுத்துவிட்டேன். வயலை அவசர விலைக்குக் கொடுக்காமல், வக்கீலம்மா கேட்டு வாங்கித் தந்த அவகாசத்தில் நியாயமான விலைக்கு விற்றேன்.

தடை வந்த பிறகு வங்கியின் பேச்சே மாறியது. 21 லட்சத்துச் சொச்சம் என்றவர்கள் ஓடிஎஸ், அதாவது ஒரு தொகை பேசிக் கடனை முடித்துக்கொள்வது, பேச வந்தார்கள். பதினேழரை லட்சத்தில் முடிந்தது. வாய்ப் பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தொகை, தேதி, வழக்கை வாபஸ் வாங்கும் விதம் எல்லாம் லெட்டர்ஹெட்டில் வந்தபிறகே முதல் காசோலை கொடுத்தோம். எதைச் செய்வதானாலும் ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன் செய்துவிட வேண்டும். 2016 திருத்தத்துக்குப் பிறகு, அறிவிப்பு வெளியான பின் பணத்தைக் கட்டி மீட்கும் உரிமை இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கடைசித் தவணை கட்டியதும் பத்திரத்துக்கு மூன்று மாதம் ஆகும் என்றார் கிளையில் ஒருவர். ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் போட்ட உத்தரவின்படி, கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய். இதைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதிக் கொடுத்தோம். ஒன்பதாம் நாள் போன் வந்தது. அந்த ஒன்பது நாள் எனக்கு ரொம்பப் பெரிய சந்தோஷம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து எம்ஓடியை (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவை) ரத்து செய்தது ஒரே காலையில் முடிந்தது. கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலில் ‘செட்டில்டு’ (முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது) என்றுதான் நிற்கிறது, புதுக் கடன் எளிதில் கிடைக்காது. கைமாற்றுக் கொடுத்தவர்களுக்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகிறேன். வக்கீல் ஃபீஸுக்கே வழியில்லாதவர்கள் கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. என் மனைவியும் கடனாளிதான், இது முதலிலேயே தெரிந்திருந்தால் அந்த 15,000 மிச்சமாகியிருக்கும்.

பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா தேங்காய் நாரும் வாளித் தண்ணீருமாகக் கேட்டில் ஒட்டிய பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மூலையில் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர் வருகிறார்.