நேர்ந்துவிட்ட பிள்ளையும் இறையழைத்தலும்

களியக்காவிளையை ஒட்டிய மேல்நிலைப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பிப்பது என் தொழில். கோடை விடுமுறையில் நடக்கும் கத்தோலிக்க இறையழைத்தல் முகாம்களில், குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்திலோ துறவறச் சபையிலோ சேர விரும்பும் பிள்ளைகளோடு தனித்தனியே அமர்ந்து பேசுவது, பங்குத்தந்தை கேட்டுக்கொண்டதால் அதனோடு சேர்ந்துகொண்ட பணி. மனைவி மக்களோடு வாழ்கிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளை ஆண்டு முழுவதும் வகுப்பில் பார்ப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. அதுவே போதும் என்பது என் எண்ணம்.

எங்கள் எல்லைப் பகுதியில் இந்தப் பேச்சு அத்தனை எளிதன்று. இலத்தீன், சீரோ மலங்கரை, சீரோ மலபார் என்று கத்தோலிக்கரின் மூன்று வழிபாட்டு மரபினரும் அடுத்தடுத்து வாழ்கிறோம். மார்த்தாண்டம், தக்கலை மறைமாவட்டங்கள் 1996இலும், கோட்டாற்றிலிருந்து பிரிந்த குழித்துறை மறைமாவட்டம் 2014இலும் உருவாயின. கேரளத்துச் சபைகளும் வட மாநில மறைமாவட்டங்களும் பிள்ளைகளைத் தேடி இங்கே வருகின்றன. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவன் சாமியாராகப் போகிறேன் என்று சொன்னால், எந்த மக்களுக்காக, எந்த மரபில், பங்குப் பணிக்கா தொலைதூர மறைபரப்புக்கா என்று கேட்டாக வேண்டும். ஒரு மரபிலிருந்து இன்னொன்றுக்கு அனுமதியின்றி மாறிவிட முடியாது. போய்ப் பார்த்த இடத்தில் சாப்பாடு நன்றாக இருந்தது என்பதற்காகச் சபையைத் தேர்ந்தவர்களும் உண்டு. பசி தெரிந்த வீட்டுப் பிள்ளைகளிடம் அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

முகாமின் கடைசி இரவில், நற்கருணை ஆராதனை முடிந்த கையோடு பெயர் கொடுப்பவர்களை நான் உடனே நம்புவதில்லை. மனம் வறண்டு கிடக்கும் வேளையில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்றார் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். பொங்கி வழியும் வேளையில் அவசரமாக வாக்குக் கொடுக்காதே என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன். தேர்வு முடிவு வந்து, நண்பர்கள் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நாட்களிலும் அந்த விருப்பம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது நேர்ச்சை, அதாவது பிள்ளையைக் குருவாக்குவதாகப் பெற்றோர் கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன், குறைமாதத்தில் பிறந்தவன், கோயில் வழிபாட்டில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவனாக வளர்ந்தவன், ஊரே குட்டிச்சாமியார் என்று அழைத்தவன், ஒரு முகாமுக்கு வந்தான். ஏன் குருவாக வேண்டும் என்று எப்படிக் கேட்டாலும் அவன் பதில் அம்மாவில்தான் தொடங்கியது. அம்மா நேர்ந்திராவிட்டால் என்ன படித்திருப்பாய் என்றேன். டீசல் மெக்கானிக் என்று சட்டென்று சொன்னவன், குருமடத்தைப் பற்றிப் பேசியதைக் காட்டிலும் நெடுநேரம் மாமாவின் ஒர்க்‌ஷாப்பைப் பற்றிப் பேசினான்.

தாயைத் தனியே பார்த்தேன். "நேந்துபோட்ட பிள்ளையாக்கும் சாரே, வாக்கு மாறினா தோஷம் வராதா?" என்றார். நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1193ஆம் எண் சொல்கிறது. குருப்பட்டம் பெறுகிறவருக்கு உரிய சுதந்திரம் வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது 1026ஆம் எண். இதைச் சட்டமாகச் சொன்னபோது அவருக்கு ஆறுதல் வரவில்லை. நட்டாலத்துத் தேவசகாயத்தைச் சொன்னேன்: 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர், திருமணமானவர், திருவிதாங்கூர் அரசின் அலுவலர். (அவர் படத்தைக் காட்டிக் குருமடத்துக்கு ஆள் சேர்க்கும் பேச்சாளர்கள் இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.) அதன்பின் அந்தத் தாய் சற்றுப் பேசினார். செய்த நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் பங்குத்தந்தைக்கு உண்டு என்பதால் அவரிடம் அழைத்துச் சென்றேன். விடுவித்த பிறகும், தாமாகவே வேறொரு நற்செயலை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பையன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தான். அழைத்தல் அவனுக்கு உண்மையிலேயே இருந்தால் பிறகும் வரலாம். குருப்பட்டத்துக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும், மெய்யியலுக்கு முழு இரண்டு ஆண்டும் இறையியலுக்கு முழு நான்கு ஆண்டும் வேண்டும் என்று திருச்சபையே அவசரமின்றித்தான் வைத்திருக்கிறது. பயிற்சிக் காலம் நெடுகிலும் விலகும் வாசல் திறந்தே இருக்கிறது. ஊர்தான் அதை அடைத்து வைத்திருக்கிறது: விலகி வந்தவனை மடத்தை விட்டு ஓடி வந்தவன் என்கிறோம், பெண் கொடுக்கத் தயங்குகிறோம். அந்தப் பெயருக்கு அஞ்சியே விருப்பமில்லாமல் பட்டம் வரை போகிறவர்கள் இருப்பார்களானால், அதில் பங்கு மக்களான நமக்கும் பொறுப்பு உண்டு.

இப்போதெல்லாம் முகாமின் முதல் நாளிலேயே பெற்றோரைத் தனியே சந்தித்து, பிள்ளைக்காக ஏதேனும் நேர்ந்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன். விண்ணப்பப் படிவத்திலும் அந்தக் கேள்வியைச் சேர்க்கும்படி பணிக்குழுவிடம் சொல்லியிருக்கிறேன். அவர்கள் இன்னும் சேர்க்கவில்லை.