காணாமல் போன ஒரு மணி நேரம்

போர்ச்சுகலின் போர்த்தோவில் சைக்கிள் யாத்திரை கிளம்பி மூன்றாம் நாள். அங்கிருந்து ஸ்பெயினின் சந்தியாகோ பேராலயம்வரை மொத்தம் சுமார் 280 கிலோமீட்டர். ஊருக்கு ஊர் கருங்கல் பாவிய தெரு. சைக்கிளில் போனால் பல்லெல்லாம் தந்தியடிக்கிறது. மணல்மேட்டுப் பலகைப் பாதையிலோ நடப்பவர்களுக்கு வழிவிட்டு இறங்கி உருட்ட வேண்டும். யாத்திரைச் சான்றிதழுக்கு அவர்கள் 100 கிலோமீட்டர் நடந்தால் போதும், நமக்கு 200. என்ன நியாயமோ!

கமீன்யாவில் மின்யோ ஆற்றைப் படகில் கடந்தேன். இக்கரை போர்ச்சுகல், அக்கரை ஸ்பெயின். கொஞ்ச நேரப் பயணம்தான், கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிட்டது. மதியச் சாப்பாடு போயிற்று என்று பதறினேன். ஸ்பெயினில் அப்போதுதான் இலையே போடுகிறார்கள்!

சாப்பிட்ட கடையில், வழிநெடுக முத்திரை வாங்கும் யாத்திரை ஏட்டில் முத்திரை குத்தினார்கள். அவசரமாக மூடியதில் முத்திரையின் சிப்பிப் படம் எதிர்ப்பக்கத்திலும் இடவலம் மாறி ஒட்டியிருக்கிறது.